ஹாம் நிலையத்துக்கு எந்தக் கனெக்டர், எந்தக் கேபிள், எந்த ரேடியோ?

அமெச்சூர் வானொலி (ஹாம்) உரிமம் கைக்கு வந்தவுடன் பெரும்பாலானோர் முதலில் தேடுவது, அனுப்பவும் கேட்கவும் உதவும் ரேடியோவான டிரான்ஸ்சீவரைத்தான். எந்த நிறுவனம், எத்தனை வாட், வண்ணத் திரை உண்டா இல்லையா என்று மாதக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்து, கையிருப்பில் முக்கால்வாசியை அதில் போட்டுவிட்டு, மிச்சமிருப்பதில் கேபிளும் கனெக்டரும் வாங்குகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே என் கருத்து. ரேடியோவை இரண்டு ஆண்டு கழித்து விற்றுவிட்டு வேறொன்று வாங்கலாம். மொட்டைமாடியிலிருந்து சுவரைத் துளைத்து இறக்கிய கேபிளையும் அதன் இரு முனைகளில் போட்ட கனெக்டரையும் அவ்வளவு எளிதில் யாரும் மாற்றுவதில்லை. எனவே இந்த ஒப்பீடு மாடியிலிருந்து தொடங்கி மேசைக்கு வருகிறது. ரேடியோ கடைசியில்தான் வரும்.

ஒப்பிடுவதற்கு ஒரு நிலையத்தை முன்னால் வைத்துக்கொள்வோம். தமிழகக் கடலோர ஊர் ஒன்றில் மாடி வீடு. மாடியில் 40 மீட்டர் பேண்டுக்குத் தலைகீழ் வி வடிவில் கட்டிய டைபோல் (இரு கைக் கம்பி ஆண்டெனா) ஒன்று; 2 மீட்டர், 70 சென்டிமீட்டர் பேண்டுகள் இரண்டுக்கும் சேர்த்துச் செங்குத்தான ஆண்டெனா ஒன்று. ரேடியோ கீழ்த்தள அறையில் இருப்பதால் ஒவ்வொரு ஆண்டெனாவுக்கும் 20 மீட்டர் கேபிள் தேவைப்படுகிறது. இந்தியாவில் 40 மீட்டர் பேண்டு 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், 2 மீட்டர் பேண்டு 144 முதல் 146 வரையிலும், 70 சென்டிமீட்டர் பேண்டு 434 முதல் 438 வரையிலும் நமக்குத் தரப்பட்டிருக்கின்றன. எச்எஃப்பில் (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை) ஜெனரல் கிரேடு உரிமத்துக்கு 400 வாட் வரையிலும், ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு 50 வாட் வரையிலும் அனுமதி உண்டு. இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் இனி வரும் பல கேள்விகளுக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

மாடியில் போடும் கனெக்டர்

ஹாம்களிடம் மிகப் பரவலாக இருப்பது பிஎல்-259 பிளக்கும் அதற்கு இணையான எஸ்ஓ-239 சாக்கெட்டும்தான். 1930களில் ஆம்ஃபினால் நிறுவனத்தில் உருவான வடிவம் இது. இன்று கடையில் கிடைக்கும் 100 வாட் எச்எஃப் ரேடியோ எதை எடுத்துத் திருப்பினாலும் பின்புறத்தில் இந்தச் சாக்கெட்டைத்தான் பார்ப்போம். பெரியது, முரட்டுத்தனமானது, தடித்த கேபிளைத் தாங்கக்கூடியது, விலை குறைவானது. இதன் மீது அடிக்கடி சொல்லப்படும் குற்றச்சாட்டு: உள்ளே சுமார் 2 சென்டிமீட்டர் நீளத்துக்கு 50 ஓம் என்ற இம்பிடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) குலைந்து, 30 முதல் 40 ஓம் வரை இறங்கிவிடுகிறது.

குற்றச்சாட்டு உண்மைதான், ஆனால் அதன் விளைவு அதிர்வெண்ணைப் பொறுத்தது. 7 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 42 மீட்டர். அதில் 2 சென்டிமீட்டர் பிசகு இருப்பதை எந்த மீட்டரும் காட்டாது. 145 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 2 மீட்டருக்குச் சற்று மேல். அப்போதும் அந்தப் பிசகு நூற்றில் ஒரு பங்குதான், பொறுத்துக்கொள்ளலாம். 435 மெகாஹெர்ட்ஸுக்குப் போகும்போது அலைநீளம் 69 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. அங்கே ஒரு ஜோடி கனெக்டர் மட்டும் இருந்தால் தப்பிக்கலாம், ஆனால் ரேடியோ, எஸ்டபிள்யூஆர் (பொருத்தமின்மையால் சக்தி திரும்பிவருவதைக் காட்டும் அளவு) மீட்டர், மின்னல் தடுப்பான், ஆண்டெனா என்று வழியில் நான்கைந்து ஜோடி சேரும்போது எஸ்டபிள்யூஆர் அளவில் அது தெரியத் தொடங்கும். எச்எஃப்பில் மட்டும் பேசுபவரிடம் போய் பிஎல்-259 கனெக்டர் சக்தியைத் தின்றுவிடும் என்று பயமுறுத்துவது வீண் வேலை.

என் (N) வகை கனெக்டர் 1940களில் பெல் ஆய்வுக்கூடத்தின் பால் நீல் வடிவமைத்தது. அதன் பெயரிலுள்ள எழுத்தும் அவருடையதே. உள்ளே தொடக்கம் முதல் முடிவு வரை 50 ஓம் மாறுவதில்லை. சாதாரணத் தரத்திலேயே 11 கிகாஹெர்ட்ஸ் வரை பயன்படுத்தலாம். திருகும் வளையத்துக்குள் ரப்பர் வளையம் இருப்பதால் மழைநீரைப் பெருமளவு தடுக்கிறது. ரேடியோ தயாரிப்பாளர்களே இந்த வேறுபாட்டை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு ஐகாம் நிறுவனத்தின் ஐசி-9700 நல்ல சான்று. 144, 430, 1200 மெகாஹெர்ட்ஸ் என்று மூன்று பேண்டுகளுக்கும் தனித்தனிச் சாக்கெட் கொண்ட அந்த ரேடியோவில் 144க்கு மட்டும் எஸ்ஓ-239 வைத்து, மற்ற இரண்டுக்கும் என் வகை வைத்திருக்கிறார்கள். எல்லை எங்கே விழுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அப்படியானால் எல்லா இடத்திலும் என் வகையையே போட்டுவிடலாமே என்று கேட்கலாம். போடலாம், ஆனால் அதைப் போடுவதற்குக் கையில் துல்லியம் வேண்டும். நடு ஊசி ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீட்டிக்கொண்டிருந்தால் எதிர்ச் சாக்கெட்டின் விரல்களை விரித்துக் கெடுத்துவிடும். உள்ளே தள்ளிப்போயிருந்தால் தொடுவதுபோலத் தோன்றும், தொடாது. 75 ஓம் என் வகை என்று ஒன்றும் இருக்கிறது. அதன் நடு ஊசி மெல்லியது. பழைய பொருள் விற்கும் கடையில் பார்த்து வாங்காமல் அந்தச் சாக்கெட்டில் 50 ஓம் பிளக்கைத் திருகிவிட்டால் சாக்கெட் அத்தோடு போயிற்று. எல்எம்ஆர்-400 கேபிளும் ஆர்ஜி-213 கேபிளும் வெளியே 10.3 மில்லிமீட்டர் என்று ஒரே தடிமனில் இருந்தாலும், முன்னதன் நடுக்கம்பி 2.74 மில்லிமீட்டர், பின்னதன் நடுக்கம்பி சுமார் 2.26 மில்லிமீட்டர். ஆர்ஜி-213க்கென்று விற்கும் ஊசிக்குள் எல்எம்ஆர்-400 கம்பி நுழையவே நுழையாது. சிலர் அந்தக் கம்பியை அரத்தால் தேய்த்து நுழைக்கப் பார்க்கிறார்கள். அலுமினியத்தின் மேல் பூசப்பட்ட செம்பு அது. தேய்த்தால் செம்பு போய் அலுமினியம் வெளியே வந்துவிடும், பிறகு ஈயமும் பிடிக்காது. கேபிளின் பெயரைச் சொல்லி, அதற்கென்றே செய்த கனெக்டரைக் கேட்டு வாங்குவதே ஒரே வழி.

பிஎல்-259 போடுவதும் சுலபம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதன் சிக்கல் வேறு வகையானது. முதலில் திருகு வளையத்தைக் கேபிளில் கோர்த்துவிட வேண்டும். எல்லாவற்றையும் பற்றவைத்த பிறகு வளையம் மேசைமேல் கிடப்பதைப் பார்க்காத ஹாம் அரிது. பிறகு மேலுறையைச் சீவி, அதன் அடியிலுள்ள செம்புக் கம்பிப் பின்னலின்மேல் மெல்லிய ஈயப் பூச்சு கொடுத்து, அதை உடலுக்குள் திருகி நுழைக்க வேண்டும். அப்போது உடலின் நான்கு துளைகள் வழியாகப் பின்னல் பளபளவென்று தெரிய வேண்டும். அந்தத் துளைகளில்தான் ஈயம் இறங்கிப் பின்னலையும் உடலையும் ஒன்றாக்க வேண்டும். கடையில் மலிவாகக் கிடைப்பவை நிக்கல் பூசியவை. நிக்கலில் ஈயம் ஒட்டாமல் உருண்டு ஓடிவிடும் என்பதால், துளைகளைச் சுற்றிச் சிறு அரத்தால் தேய்த்து உள்ளிருக்கும் பித்தளையை வெளியே கொண்டுவந்துவிட்டுத்தான் சால்டரிங் அயர்னை வைக்க வேண்டும். சர்க்யூட் போர்டுக்கு வாங்கிய 25 வாட் சால்டரிங் அயர்ன் இதற்கு உதவாது. கனமான உடல் வெப்பத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். நீண்ட நேரம் வைத்துக்கொண்டே இருந்தால், ஈயம் உருகுவதற்கு முன்பே உள்ளிருக்கும் பிளாஸ்டிக் உருகிவிடும். 60 முதல் 100 வாட் வரையுள்ள அயர்னைக் கொண்டு சில நொடிகளில் முடிப்பதே நல்லது. இதனால்தான் டெஃப்லான் காப்பும் வெள்ளிப் பூச்சும் உள்ள கனெக்டருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு வீணாவதில்லை: வெள்ளி உடனே ஈயத்தை ஏற்கும், டெஃப்லான் அந்த வெப்பத்துக்கு அசையாது.

சால்டர் செய்யப் பழக்கமில்லாதவர்களுக்கு, கருவியால் நசுக்கிப் பிடிக்கவைக்கும் கிரிம்ப் வகைதான் நல்லது என்று நினைக்கிறேன். ஆர்ஜி-213, எல்எம்ஆர்-400 இரண்டுக்கும் 10.9 மில்லிமீட்டர் அறுகோண அச்சும், ஆர்ஜி-58க்கு 5.4 மில்லிமீட்டர் அச்சும் வேண்டும். ஒரு தனி ஆளுக்கு இந்தக் கருவியின் விலை கட்டுப்படியாகாமல் இருக்கலாம். ஊரில் நான்கு ஹாம்கள் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் கட்டுப்படியாகும்.

ஆனால் கடலோர ஊரில் முதல் எதிரி இம்பிடன்ஸ் அல்ல, தண்ணீர்தான். பிஎல்-259 கனெக்டரில் தண்ணீரைத் தடுக்க எந்த ஏற்பாடும் கிடையாது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கிறது. அந்த மூன்று மாதமும் உப்புக் காற்றோடு சேர்ந்த ஈரம் பின்னல் வழியாகத் தந்துகி விசையால் கேபிளுக்குள் ஏறிவிடும். இரண்டு பருவமழை பார்த்த கேபிளின் முனையை வெட்டி மேலுறையைச் சீவிப் பார்த்தால், செம்பு நிறத்தில் இருக்க வேண்டிய பின்னல் ஒரு முழத்துக்குக் கறுத்துப்போயிருப்பதைக் காணலாம். சாதாரண இன்சுலேஷன் டேப் இதைத் தடுக்காது. வெயிலில் அதன் பசை இளகி வழிந்து, ஓரங்கள் பிரிந்து, தண்ணீரை உள்ளே விட்டுப் பிடித்துவைக்கும் பையாகவே மாறிவிடும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன்மேல் வெயில் படாமலிருக்க இன்சுலேஷன் டேப்பைச் சுற்றுவதே சரியான முறை. கேபிளை ஆண்டெனாவிலிருந்து நேரே இறக்காமல், கனெக்டருக்குக் கீழே ஒரு வளைவு விட்டு இறக்கினால் ஓடிவரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் முடிவு எளிது. 40 மீட்டர் டைபோலுக்கு இரு முனையிலும் பிஎல்-259. மாடி முனையில் ரப்பர் டேப். 2 மீட்டர், 70 சென்டிமீட்டர் ஆண்டெனாவை வாங்கும்போதே அடியில் என் வகைச் சாக்கெட் உள்ளதாகப் பார்த்து வாங்கி, கேபிளின் மாடி முனையில் என் வகை போட வேண்டும். கீழே ரேடியோவில் எஸ்ஓ-239 இருந்தால் அந்த முனையில் பிஎல்-259 பிளக்கையே போட்டுவிடலாம். இரு முனையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. அப்படி இருக்க வேண்டும் என்று நினைத்து இடையில் அடாப்டர் திருகுபவர்கள் ஒரு ஜோடிக்குப் பதிலாக இரண்டு ஜோடி தொடர்புகளைத் தாமே உருவாக்கிக்கொள்கிறார்கள்.

பிஎன்சி கனெக்டர் வெளியூர் எடுத்துப்போகும் நிலையத்துக்கானது. கால் திருப்பில் மாட்டலாம், கழற்றலாம். 4 கிகாஹெர்ட்ஸ் வரை இம்பிடன்ஸ் மாறாது. இதன் மின்னழுத்த வரம்பு 500 வோல்ட்; 50 ஓமில் 100 வாட் அனுப்பும்போது உச்ச மின்னழுத்தம் 100 வோல்ட்தான் என்பதால், எஸ்டபிள்யூஆர் சரியாக இருக்கும் வரை கவலையில்லை. சென்னை ரிச்சி தெருவில் சிசிடிவி வேலைக்கென்று கூடை கூடையாகக் கிடைக்கும் பிஎன்சி பெரும்பாலும் 75 ஓம் வகை. அவற்றைப் போட்டாலும் எச்எஃப்பில் ஒன்றும் ஆகாது. ஆனால் அவை 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஆர்ஜி-59 கேபிளுக்குச் செய்தவை, 5 மில்லிமீட்டர் ஆர்ஜி-58 கேபிளில் கிரிம்ப் செய்தால் பிடி நிற்காமல் உருவிக்கொண்டு வந்துவிடும்.

எஸ்எம்ஏ என்ற சின்னக் கனெக்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கையடக்க ரேடியோக்களில் வேறு வழியில்லாமல் அதுதான் இருக்கிறது. பாவ்ஃபெங் ரேடியோக்களின் உடலில் ஊசியுள்ள ஆண் பகுதி இருக்கிறது, யேசு (Yaesu) நிறுவனத்தின் கையடக்க ரேடியோக்களில் பெண் பகுதி இருக்கிறது. ஆண்டெனா வாங்கும்போது இதைப் பார்த்து வாங்க வேண்டும். வைஃபை ரவுட்டருக்கு விற்கும் தலைகீழ் எஸ்எம்ஏ திருகில் பொருந்தும், ஆனால் நடு ஊசி தொடாது. மாடி ஆண்டெனாவின் தடித்த கேபிளைக் கையடக்க ரேடியோவில் மாட்ட வேண்டியிருந்தால், கெட்டியான உலோக அடாப்டரைத் திருகாமல், ஒரு முழ நீள ஆர்ஜி-316 மெல்லிய கேபிளின் இரு முனையில் தேவையான கனெக்டர் உள்ள இணைப்பை வாங்குங்கள். தடித்த கேபிளின் கனம் முழுவதும் நெம்புகோல்போல அந்தச் சின்னச் சாக்கெட்டின்மேல் விழுந்தால், போர்டிலிருந்து அதைப் பெயர்த்துவிடும்.

கேபிளில்தான் காசு கரைகிறது

கனெக்டரில் இழக்கும் சக்தியைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடுபவர்கள், கேபிளில் இழப்பதைக் கண்டுகொள்வதில்லை. நம் மாதிரி நிலையத்தின் 20 மீட்டரை வைத்தே கணக்கிடலாம். 7 மெகாஹெர்ட்ஸில் ஆர்ஜி-58 கேபிள் சுமார் 0.8 டெசிபல் இழக்கிறது (3 டெசிபல் இழப்பு என்றால் சக்தியில் பாதி போயிற்று என்று பொருள்). ஆர்ஜி-213 சுமார் 0.3 டெசிபல். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மறுமுனையில் கேட்பவரின் காது அறியாது. 40 மீட்டர் டைபோலுக்கு, அதுவும் 50 அல்லது 100 வாட்டுக்கு, மெல்லிய ஆர்ஜி-58 போதும் என்பதே நேர்மையான விடை. எச்எஃப்புக்கு எல்எம்ஆர்-400 வாங்குவது பணத்தை மாடியில் காயப்போடுவதுதான்.

145 மெகாஹெர்ட்ஸில் கதை மாறுகிறது. அதே 20 மீட்டரில் ஆர்ஜி-58 சுமார் 4 டெசிபல், ஆர்ஜி-213 சுமார் 1.8, எல்எம்ஆர்-400 சுமார் 1 டெசிபல் இழக்கின்றன. 10 வாட் அனுப்பினால் ஆர்ஜி-58 வழியாக மாடிக்குப் போய்ச் சேர்வது 4 வாட். எல்எம்ஆர்-400 வழியாகப் போய்ச் சேர்வது 8 வாட்டுக்குச் சற்றே குறைவு. 435 மெகாஹெர்ட்ஸில் ஆர்ஜி-58 சுமார் 7 டெசிபலை விழுங்கி 2 வாட்டைத்தான் விடுகிறது. ஆர்ஜி-213 கேபிளில் 5 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. எல்எம்ஆர்-400 கேபிளில் ஏறக்குறைய 6.7 வாட். அனுப்பும்போது மட்டுமல்ல, கேட்கும்போதும் இதே இழப்பு உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சக்தியைக் கூட்டி அனுப்புவதில் ஈடுகட்டலாம். ஆண்டெனாவிலிருந்து இறங்கும் வழியில் இரைச்சலுக்குள் அமிழ்ந்துபோன சமிக்ஞையை ரேடியோவால் மீட்க முடியாது.

இந்த இடத்தில் ஆர்ஜி-6 பற்றியும் சொல்ல வேண்டும். கேபிள் டிவிக்கும் டிஷ்ஷுக்கும் போடும் 75 ஓம் கேபிள் எந்த ஊரிலும் மீட்டர் கணக்கில் மலிவாகக் கிடைக்கிறது. டைபோலின் இம்பிடன்ஸே வெட்டவெளியில் 73 ஓம் அளவில் இருப்பதால், அதனோடு இது நன்றாகவே ஒத்துப்போகும். 50 ஓம் ரேடியோவின் பக்கம் வரும் பொருத்தமின்மை 1.5க்கு 1 அளவில்தான், அதை எந்த ரேடியோவும் தாங்கும். இரண்டு குறைகள் உண்டு. பின்னல் அலுமினியம், ஆகவே சால்டர் பிடிக்காது. எஃப் வகைக் கனெக்டரைக் கம்ப்ரெஷன் கருவியால் போட்டு, அதிலிருந்து அடாப்டர் வழியாகத்தான் வர வேண்டும். நடுக்கம்பி பெரும்பாலும் எஃகின்மேல் செம்பு பூசியது. உயர் அதிர்வெண்ணில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பிலேயே ஓடிவிடும், ஆனால் எச்எஃப்பின் கீழ்ப்பகுதியில் அது பூச்சைத் தாண்டி எஃகுக்குள் இறங்குவதால் எதிர்பார்த்ததைவிட இழப்பு கூடும். 20 மீட்டர் நீளத்துக்கு அதையும் பொறுக்கலாம். மாணவர்களுக்கும், இப்போதைக்குக் காற்றில் இறங்கினால் போதும் என்று நினைப்பவர்களுக்கும் நான் தயங்காமல் இதைப் பரிந்துரைப்பேன். என்றைக்காவது 400 வாட்டுக்குப் போகும் எண்ணம் உள்ளவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

பன்னிரண்டு வோல்ட் பக்கம்

ஆண்டெனா கனெக்டருக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூட மின்சாரம் தரும் கனெக்டருக்கு யாரும் கொடுப்பதில்லை. ஆனால் நிலையத்தில் அதிக மின்னோட்டம் பாயும் இடம் அதுதான். 100 வாட் ரேடியோ அனுப்பும்போது 13.8 வோல்ட்டில் 21 ஆம்பியர் வரை இழுக்கும்.

இங்கே போட்டி ஆண்டர்சன் பவர்போலுக்கும் எக்ஸ்டி60க்கும் இடையே. பவர்போலில் ஆண், பெண் என்ற வேறுபாடு கிடையாது. எந்த முனையும் எந்த முனையோடும் சேரும். 15, 30, 45 ஆம்பியர் தொடர்புகள் மூன்றும் ஒரே கூட்டுக்குள் பொருந்தும். அமெரிக்காவில் அவசரகாலச் சேவை செய்யும் ஹாம்கள் இதையே பொது வடிவமாக ஏற்றுக்கொண்டதற்குக் காரணம், யாருடைய பேட்டரியையும் யாருடைய ரேடியோவிலும் யோசிக்காமல் மாட்டலாம் என்பதுதான். எக்ஸ்டி60 டிரோன், மின்சார சைக்கிள் வழியாக வந்தது. நம் ஊரில் மிக எளிதாக, மிக மலிவாகக் கிடைக்கிறது. தலைகீழாக மாட்டவே முடியாதபடி ஒரு பக்கம் சரிவாக வெட்டப்பட்டிருக்கிறது. 30 ஆம்பியரைத் தொடர்ந்து தாங்கும். குறை என்னவென்றால், சால்டர்தான் செய்ய வேண்டும். ஆண், பெண் உண்டு என்பதால் பேட்டரிப் பக்கம் எது என்று முன்கூட்டியே முடிவு செய்து கடைப்பிடிக்க வேண்டும். மின்சாரம் இருக்கும் பக்கத்தில் எப்போதும் பெண் பகுதியைப் போட்டால், கழன்று கிடக்கும்போது சாவிக் கொத்து பட்டு ஷார்ட் ஆகாது.

பவர்போல் சிறந்த வடிவம். ஆனால் அதை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, கிரிம்ப் கருவியும் தனியாக வாங்க வேண்டிய நிலையில் இருப்பவருக்கு, எக்ஸ்டி60 எடுத்து வேலையை முடிப்பதே புத்திசாலித்தனம். ஊர் கிளப்பில் எல்லோரும் எதைப் பயன்படுத்துகிறார்களோ அதுவே உங்களுக்கும் சரி என்பதை மட்டும் கூடுதலாகச் சொல்வேன். 2004 டிசம்பரில் சுனாமி தாக்கியபோது, வேறு நோக்கத்துக்காக அந்தமானுக்குப் போயிருந்த இந்திய ஹாம்கள் போர்ட் பிளேரிலிருந்து செய்தி அனுப்பியதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அப்படியொரு நாளில் அடுத்தவருடைய பேட்டரி உங்கள் ரேடியோவில் மாட்ட வேண்டும்.

கனெக்டரைவிடக் கம்பியின் தடிமன் முக்கியம். பவர் சப்ளைக்கும் ரேடியோவுக்கும் இடையே 3 மீட்டர் தூரம் என்றால், போகவும் வரவும் 6 மீட்டர் கம்பி. வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் போட்டால் 20 ஆம்பியரில் ஏறக்குறைய 1.4 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும், 2.5 போட்டால் 0.9 வோல்ட், 4 போட்டால் 0.6 வோல்ட். பவர் சப்ளை 13.8 வோல்ட் தரும்போது இது பெரிதாகத் தெரியாது. கரன்ட் போய்ப் பேட்டரியில் ஓடும்போதுதான் வித்தியாசம் வெளிப்படும். 13.8 வோல்ட்டிலிருந்து 15 சதவீதம் வரை ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் ரேடியோவுக்குக் கீழ் எல்லை 11.7 வோல்ட். பாரம் ஏறி 12.2 வோல்ட்டுக்கு இறங்கிய லெட்-ஆசிட் பேட்டரியிலிருந்து 1.4 வோல்ட் கழிந்தால் மிஞ்சுவது 10.8, பொத்தானை அழுத்திப் பேசத் தொடங்கியதும் ரேடியோ அணைந்துபோவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். கம்பியைக் குறுக்கி 4 சதுர மில்லிமீட்டர் போடுவது புதிய பேட்டரி வாங்குவதைவிட மலிவு. பேட்டரியின் அருகிலேயே ஃபியூஸ் போடுவதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பவர் சப்ளையில் எல்இடி பலகைகளுக்கு விற்கும் 12 வோல்ட் 30 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச் முறை பவர் சப்ளை) ஒரு பக்கம், டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய லீனியர் மறு பக்கம். முன்னதில் உள்ள சிறு திருகைத் திருப்பி 13.8க்கு ஏற்றிக்கொள்ளலாம், விலையும் குறைவு. ஆனால் 7 மெகாஹெர்ட்ஸில் டயலைச் சுற்றிப் பார்த்தால் சம இடைவெளியில் கரகரப்புக் கேட்கிறதா என்று கவனிக்க வேண்டும். ஃபெரைட் வளையங்களில் கம்பியைச் சுற்றிப் பாதி குறைக்கலாம், முழுவதும் ஒழிப்பது சிரமம். லீனியர் கனமானது, சூடாகும், ஆனால் அமைதியானது. பழைய லீனியர் ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் நான் அதையே எடுப்பேன்.

மைக் கனெக்டரைப் பற்றி ஒரே எச்சரிக்கை. ஐகாம், கென்வுட், யேசு மூன்றும் எட்டு ஊசி வட்டக் கனெக்டரைப் பயன்படுத்திய காலத்திலும், ஊசிகளின் ஒழுங்கு ஒன்றுக்கொன்று வேறு. இன்று நெட்வொர்க் கேபிள் போன்ற பிளக் வந்துவிட்ட ரேடியோக்களிலும் அதே நிலைதான். பொருந்துகிறது என்பதற்காக நண்பரின் மைக்கைச் செருகிப் பார்க்கக் கூடாது. சில ஊசிகளில் 8 வோல்ட் வரை ஓடிக்கொண்டிருக்கும்.

ரேடியோ

கட்டமைப்பு முடிந்த பிறகு, ரேடியோவைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் உரிமத்தின் வகையும் மிச்சமிருக்கும் பணமும் தீர்மானிக்கும் விஷயம். உரிமம் இல்லாமல் அனுப்பும் கருவியை வைத்திருப்பது சட்டத்துக்குப் புறம்பானது. ஆகவே உரிமத்துக்கு முன்பே விலை குறைவாக இருக்கிறதே என்று வாங்கி வைப்பதை இங்கே ஒரு வாய்ப்பாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

100 வாட் மேசை ரேடியோவுக்கு 2016இல் வந்த ஐகாம் ஐசி-7300 இன்றும் அளவுகோலாக இருக்கிறது. ஆண்டெனாவிலிருந்து வருவதை நேரடியாக டிஜிட்டலாக மாற்றும் முறை, யார் எங்கே பேசுகிறார்கள் என்று காட்டும் திரை, உள்ளேயே ஆண்டெனா டியூனர் (ஆண்டெனாவின் இம்பிடன்ஸை ரேடியோவுக்குப் பொருத்தும் சுற்று), கணினியோடு ஒரே யுஎஸ்பி கேபிள் என்று எல்லாம் உண்டு. யேசுவின் எஃப்டி-891 அதே 100 வாட்டைப் பாதிக்கும் குறைவான எடையில் தருகிறது. டியூனர் உள்ளே கிடையாது, தனியாக வாங்க வேண்டும். பட்டன்கள் குறைவு, ஒவ்வொன்றுக்கும் மெனுவுக்குள் போக வேண்டும். காரிலும் வெளியூரிலும் இயங்குபவருக்கு அது ஏற்றது. வீட்டில் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசுபவருக்கு ஐசி-7300.

சியேகு ஜி90 20 வாட் ரேடியோ. 8 ஆம்பியர் போதும், ஆகவே மேலே சொன்ன கம்பிக் கவலைகளில் பாதி ஓடிவிடும். உள்ளிருக்கும் டியூனர் மிகப் பரந்த வரம்பைச் சமாளிக்கும். 20 வாட்டைக் கேட்டுப் பலர் முகம் சுளிக்கிறார்கள். 100 வாட்டுக்கும் 20 வாட்டுக்கும் வேறுபாடு 7 டெசிபல். கேட்பவரின் எஸ் மீட்டரில் (சமிக்ஞையின் வலிமையைக் காட்டும் மீட்டர்) ஒரு கோட்டைவிடச் சற்றே கூடுதல். டைபோலை ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து பத்து மீட்டருக்கு ஏற்றினால், தொலைதூரத் தொடர்பில் இந்த வேறுபாட்டின் ஒரு பகுதியை ஈடுகட்டிவிடலாம். ரெஸ்ட்ரிக்டட் கிரேடில் 50 வாட்டுக்கு மேல் எப்படியும் கூடாது என்பதால், அந்த உரிமம் உள்ளவருக்கு என் பரிந்துரை இதுவே.

சொந்தமாகக் கட்டிப் பார்க்க விரும்புபவருக்கு, ஐதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் வரிசை இருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் சாதாரண உதிரிகளைக் கொண்டு கட்ட வேண்டும் என்பதையே அடிப்படையாக வைத்துப் பிறந்த ரேடியோ அது. அதன் பிந்தைய வடிவமான மைக்ரோ பிட்எக்ஸ் எச்எஃப் முழுவதையும் 10 வாட் அளவில் தருகிறது. வசதியில் ஜி90க்கு ஈடாகாது. ஆனால் பழுதானால் திறந்து எந்த டிரான்சிஸ்டர் போயிருக்கிறது என்று பார்த்து மாற்ற முடிகிற ரேடியோ இந்தப் பட்டியலில் அது ஒன்றுதான்.

ஐகாமின் ஐசி-705 எச்எஃப்பிலிருந்து 70 சென்டிமீட்டர் வரை ஒரே கைப்பிடிப் பெட்டியில் தருகிறது: தன் பேட்டரியில் 5 வாட், வெளி மின்சாரத்தில் 10 வாட், ஆண்டெனாவுக்கு பிஎன்சி. நல்ல கருவி. ஆனால் முதல் நிலையத்துக்கு அந்த விலையை நியாயப்படுத்துவது எனக்குக் கடினமாக இருக்கிறது. அதே பணத்தில் ஜி90 ஒன்றும், 2 மீட்டருக்கு ஒரு மொபைல் ரேடியோவும், எல்எம்ஆர்-400 கேபிளும், நல்ல ஆண்டெனாவும் வாங்கி மிச்சமும் பிடிக்கலாம்.

எதை வாங்கினாலும், முதல் நாளே நானோ விஎன்ஏ (கேபிளையும் ஆண்டெனாவையும் அளக்கும் சிறு கருவி) ஒன்றைக் கடன் வாங்கியாவது கேபிளை அளந்துவிடுங்கள். மாடி முனையை எதிலும் மாட்டாமல் திறந்து வைத்துவிட்டு, கீழிருந்து ரிட்டர்ன் லாஸ் (போய்த் திரும்பிவரும் சமிக்ஞையின் இழப்பு) பார்த்து அதில் பாதியை எடுத்தால் கேபிளின் ஒருவழி இழப்பு கிடைக்கும். அந்த எண்ணை நாள் போட்டுக் குறித்து வைத்து, ஒவ்வோர் ஆண்டும் பருவமழை ஓய்ந்த ஜனவரியில் மீண்டும் அளந்து ஒப்பிட வேண்டும். அரை டெசிபலுக்கு மேல் கூடியிருந்தால் மாடி முனையில் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று கொண்டு, பின்னல் செம்பு நிறத்தில் தெரியும் வரை வெட்டிவிட்டுப் புதிய கனெக்டர் போடுங்கள். இதற்காகவே கேபிள் வாங்கும்போது தேவையைவிட இரண்டு மீட்டர் கூடுதலாக வாங்கி, மாடியில் ஒரு சுருளாகக் கட்டி வைப்பது நல்லது.